விலையில் தலையிடாத அரசு உயிரில் தலையிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'வியாபாரத்தில் அரசு மூக்கை நுழைக்க வேண்டாம். கொலைகாரர்களைத் தாமதமில்லாமல் தூக்கில் போட்டால் போதும்' என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முதல் பாதி என் கொள்கையும்தான். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி எதற்கும் அரசு அனுமதி கேட்ட அன்றைய ஆட்சியைப் 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று சாடியதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனாலேயே இரண்டாம் பாதி எனக்கு ஒப்பவில்லை.

கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஒரு முறை எங்களுக்கு வந்த வரி நோட்டீஸில் கதவு எண் எங்களுடையது, பாக்கித் தொகை வேறு யாருடையதோ. பழைய ரசீதுகளை நகலெடுத்து, மனு எழுதி, அலைந்து திரிந்து திருத்தி வாங்கினோம். தூக்கில் போட்ட பிறகு எந்த மனுவைக் கொடுப்பது?

மகாராஷ்டிரத்துக் கொலை வழக்கு ஒன்றில் ஆறு ஏழைக் கூலிகளுக்கும் தூக்குதான் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வாசகர் கேட்கும் வேகத்தில் காரியம் நடந்திருந்தால் அந்தப் பணத்தை வாங்க யார் இருந்திருப்பார்கள்?

கொலை செய்தவன் தன் உயிரின் மீதான உரிமையை இழக்கிறான் என்று அரசின் அதிகாரம் குறைய வேண்டும் என்னும் சுதந்திரவாதிகளில் ஒரு சாரார், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் காலத்திலிருந்து வாதிடுகிறார்கள். அதை லேசாக ஒதுக்க மாட்டேன்; பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் மறுத்துப் பேச எனக்கு நா எழாது. ஆனால் அவன்தான் கொன்றான் என்று வழக்கைக் கட்டுவது காவல் நிலையம். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டுத் தந்தையும் மகனும் இறந்ததை உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை தானாகவே விசாரணைக்கு எடுத்தது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி, நகை காணாமல் போன புகாரில் போலீஸ் விசாரணையில் அடிபட்டு இறந்தார். மடப்புரம் என்ன, திருப்புவனம் பஸ் ஏறினால் போய்விடலாம். அப்படி அடித்தால் செய்யாத கொலையையும் மனிதன் ஒப்புக்கொள்வான்.

அமெரிக்கச் சுதந்திரவாதிகளின் கட்சியான லிபர்டேரியன் கட்சி, அரசு மரண தண்டனை நிறைவேற்றுவதை எதிர்ப்பதாக 2016-இல் தன் கொள்கை அறிக்கையிலேயே சேர்த்தது. நம் நாட்டில் சாகும்வரை வெளியே வர முடியாத சிறைத் தண்டனையை நீதிமன்றங்கள் இப்போதே விதிக்கின்றன. கொடியவர்களிடமிருந்து நம்மைக் காக்க அது போதும். அதற்கு மேல் அரசுக்கு எதற்கு அதிகாரம் என்பதை அந்த வாசகர் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
பலசரக்கு வியாபாரி,
கீழமாசி வீதி, மதுரை.