வெட்டிய மரத்தை மூன்றடியாவது விட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விரிவாக்கத்துக்காகக் கோவையைச் சுற்றி வெட்டப்படும் மரங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். வெட்டலாமா கூடாதா, ஒன்றுக்குப் பதில் எத்தனை கன்று நட வேண்டும் என்றெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். வெட்டிய மரம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது விறகுக்கடைக்குப் போகிறது. இரண்டு ஆள் கைகோத்துப் பிடிக்க வேண்டிய அடிமரம், வைரம் பாய்ந்த கட்டை, அன்று மாலையே ஒன்றரை அடி, இரண்டடித் துண்டுகளாகி லாரி ஏறிவிடுகிறது. மரம் போனது ஒரு இழப்பு. அதை இப்படித் துண்டு போடுவது இரண்டாவது இழப்பு. முதலாவதைத் தடுக்கும் பலம் என்னிடம் இல்லை. இரண்டாவதைத் தடுப்பது மிக எளிது என்பதால் எழுதுகிறேன்.

நான் பவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து பிழைத்தவன். பம்பு செட்டின் இரும்புக் கூடு எதுவானாலும், முதலில் அந்த வடிவத்தை மரத்தில் செய்து, மணலில் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் சுருங்கும். அதனால் எங்கள் அளவுகோலே மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். அளவு தவறினால் வார்ப்பு மொத்தமும் குப்பைக்குப் போகும். இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் கணினி இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. என் இழைப்புளிகளும் உளிகளும் வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. அங்கே இப்போது பேஸ் கிடார், அதாவது பாட்டுக்கு அடித்தளமான கனத்த ஒலியைத் தரும் நான்கு தந்திக் கிடார், செய்கிறேன்.

இதற்குக் காரணம் என் மகள் வயிற்றுப் பேத்தி. கல்லூரி இசைக்குழுவில் பேஸ் வாசிக்கிறாள். இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸையும், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் தனியாகப் பிரித்துக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். பாட்டுக்கு அடியில் நடக்கும் அந்தக் கனத்த நடையை நான் அதுவரை கேட்டிருந்தும் கவனித்ததில்லை. கடைகளில் கிடைக்கும் பேஸ் பெரும்பாலும் 34 அங்குலத் தந்தி நீளம் கொண்டது. அவளுக்குச் சிறிய கை. விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்றுகளான மெட்டுகளில், முதல் சிலவற்றுக்கு விரல் எட்டாமல் மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். 30 அங்குல நீளத்திலும் பேஸ் உண்டு, ஆனால் அவள் கைக்கும் தோளுக்கும் பொருந்துகிற எடையில், தந்திகள் ஓடும் அந்த நீண்ட கழுத்து பொருந்துகிற கனத்தில் எங்கும் கிடைக்கவில்லை. “அப்புச்சி, இரும்புக்கே அச்சு செய்தவர் நீங்கள், இதைச் செய்ய முடியாதா?” என்று கேட்டாள். முடியும் என்றுதான் தோன்றியது.

மரம் தேடிப் போனபோதுதான் விறகுக்கடையில் அந்தக் குவியலைப் பார்த்தேன். தூங்குமூஞ்சி மரம். நிழலுக்கென்று சாலையோரங்களில் வைத்தார்களே, அதே மரம். விறகுக்கும் பெட்டிப் பலகைக்கும்தான் லாயக்கு என்று நம் ஊரில் அதற்குப் பெயர். உள்கட்டை காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும்; ஓரத்தில் வெளிர் மஞ்சள் நிற வெண்கட்டை. காயும்போது மிகக் குறைவாகச் சுருங்கும் நல்ல குணம் அதற்கு உண்டு. தாய்லாந்திலும் ஹவாயிலும் இதே மரத்தைக் கிண்ணமாகவும் தட்டாகவும் கடைந்து விற்கிறார்கள். மரத்தின் ரேகை, அதாவது இழைகளின் ஓட்டம், எதிரும் புதிருமாகப் பின்னிக்கிடப்பதால் இழைப்புளி போட்டால் பிசிறடிக்கும். கூராக்கிய எஃகுத் தகட்டால் சுரண்டி எடுக்க வேண்டும். பொறுமை உள்ளவனுக்கு அது ஒரு குறையே அல்ல.

கிடாரின் உடல் 20 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். எனவே இரண்டடித் துண்டு போதுமாக இருந்தது. ஒரு கட்டையை மர மில்லில் கொடுத்து நடுவாகப் பிளந்து பலகையாக்கினேன். வெட்டுமுகங்களில் மெழுகு பூசி, பலகைகளுக்கு இடையே சட்டம் கொடுத்து, வெயில் படாமல் அடுக்கி வைத்தேன். ஒரு அங்குலக் கனம் காய ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. மாதாமாதம் எடை போட்டுக் குறித்துக்கொண்டே வந்து, எடை இறங்குவது நின்ற பிறகுதான் கை வைத்தேன். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மாதங்களில் ஏறி இறங்கும் ஈரத்தை அந்தப் பலகை பார்த்துப் பழக வேண்டும். இரண்டு பாதியையும் புத்தகத்தைத் திறந்தாற்போல ரேகை பொருத்தி ஒட்டி, 40 மில்லி மீட்டர் கனத்துக்கு இழைத்து, விலா எலும்பு படும் இடத்தையும் முழங்கை படும் இடத்தையும் சரித்துச் செதுக்கினேன்.

சிக்கல் கழுத்தில் வந்தது. தலைப்பகுதியும் சேர்த்தால் கழுத்துக்கு மூன்றடிக்குச் சற்றுக் குறைவான பலகை வேண்டும். அதுவும் கணு இல்லாமல், ரேகை முனையிலிருந்து முனை வரை நேராக ஓட வேண்டும். 30 அங்குலப் பேஸின் நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 60 கிலோ இழுவையை ராப்பகலாக அந்தக் கழுத்தின் மேல் வைத்திருக்கும். ரேகை குறுக்கே ஓடினால் சில மாதங்களில் முறுக்கிக்கொள்ளும். உள்ளே எஃகுக் கம்பி ஒன்றைப் புதைத்து வளைவைச் சரிசெய்யலாமே தவிர, முறுக்கை அது திருத்தாது. அந்தக் குவியலில் கழுத்துக்கேற்ற அருமையான மகோகனிக் கட்டைகளும் இருந்தன. எல்லாம் இரண்டடி. மரம் சாய்ந்த இடத்தில் இன்னும் ஓரடி தள்ளி வாள் வைத்திருந்தால் அதிலிருந்து எத்தனையோ கழுத்துகள் எடுத்திருக்கலாம். விறகு தூக்குகிறவருக்கு வசதியான நீளம் என்பதைத் தவிர அந்த இரண்டடிக்கு வேறு காரணமே இல்லை.

கடைசியில் இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் பழைய தேக்குச் சன்னல் நிலை ஒன்று கிடைத்தது. காந்தம் வைத்துத் தேடி ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, மூன்று பட்டைகளாக அறுத்து, ரேகை ஒன்றுக்கொன்று எதிர்த்து நிற்கும்படி திருப்பி ஒட்டினேன். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. அசிட்டோனால் துடைத்த கையோடு ஒட்ட வேண்டும். விரல் வைக்கும் பலகை ஈட்டி மரம். அது எங்கள் வீட்டுப் பழைய கட்டிலின் சட்டம். உலகம் முழுவதும் கிடார்காரர்கள் இந்தியன் ரோஸ்வுட் என்று கேட்டு வாங்குவது இந்த ஈட்டியைத்தான். 2017 முதல் இது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019இல் விலக்கு கொடுத்தார்கள். புதிதாக ஈட்டியை வெட்ட வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நம் வீடுகளில் கட்டிலாகவும் நாற்காலியாகவும் ஏற்கெனவே இருப்பது போதும்.

மெட்டுகளின் இடத்தைக் கணக்குப் போட்டு வெட்டுவது என் பழைய தொழிலுக்கு மிக நெருங்கிய வேலை. தந்தியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் வரும். மீதமுள்ள நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 30 அங்குலம், அதாவது 762 மில்லி மீட்டருக்கு முதல் மெட்டு 42.77இல் விழும். 12ஆவது மெட்டு சரிபாதியில், 381இல் வந்து நிற்க வேண்டும். நின்றால் கணக்கு சரி. ஒவ்வொரு தூரத்தையும் முந்தைய மெட்டிலிருந்து அளக்காமல், தொடக்கத்திலிருந்தே அளந்து கோடு கீற வேண்டும். இல்லாவிட்டால் சிறு பிசகுகள் கூடிக்கொண்டே போகும். வீணையில் மெழுகின் மேல் மெட்டு பதிப்பதால், சுருதி பிசகினால் இளக்கித் திருத்தலாம். கிடாரில் மரத்தையே கீறி உலோகத்தை அறைந்து இறக்குகிறோம்.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருளையும் வெளியில் வாங்கவில்லை. எங்கள் தெருவில் மோட்டார் காயில் கட்டுகிற தம்பி ஒருவர் இருக்கிறார். அவருடைய இயந்திரத்தில், 0.06 மில்லி மீட்டர் தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றினோம். இரண்டிரண்டு தந்திக்கு ஒரு சுருள், ஒன்று வலம், ஒன்று இடம், காந்தமும் தலைகீழ். அப்படிச் செய்தால் இரண்டு சுருளிலும் ஏறும் மின்சார இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முறுக்காணிகளும், தந்திகளைத் தாங்கும் குதிரையும் மட்டும் கடையில் வாங்கினேன். மேலே அரக்குப் பாலிஷ். மொத்த எடை 3 கிலோவுக்குச் சற்று அதிகம். பேத்தி இப்போது அதைத்தான் மேடைக்கு எடுத்துப் போகிறாள்.

இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் உண்டு. நல்ல கிடாருக்கு வெளிநாட்டு மரம் வேண்டும், மேப்பிளும் ஆல்டரும் இல்லாமல் ஆகாது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது உடலுக்கு ஆஷ் மரத்தையும், பிறகு ஆல்டரையும் பயன்படுத்தினார். அவை அவருடைய நாட்டில் தாராளமாகக் கிடைத்த மரங்கள். தன் கைக்கெட்டியதை அவர் எடுத்தார். மின்சாரப் பேஸின் நாதத்தில் பெரும்பங்கு தந்திக்கும் சுருளுக்கும் உரியது. மரம் விறைப்பாகவும் காய்ந்ததாகவும் அளவான எடையிலும் இருக்க வேண்டும். அந்த மூன்றும் நம் சாலையோர மரங்களில் இருக்கின்றன.

கிடார் அந்நியக் கருவி, அதற்காக ஏன் இவ்வளவு கவலை என்று யாராவது நினைத்தால், நம்முடைய கருவிகளையே எடுத்துக்கொள்ளலாம். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் ஆச்சா மரத்தைப் பழைய வீடுகளின் உத்தரங்களிலிருந்து தேடி எடுக்கிறார்கள். தஞ்சாவூரில் ஏகாண்ட வீணைக்குக் குடமும் தண்டியும் ஒரே பலாக்கட்டையில் வர வேண்டும். அதற்கு நான்கடி நீளத்துக்குக் குறையாத கட்டை தேவை. 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கம் பலா மரங்களை வேரோடு சாய்த்தது. 2016 டிசம்பரில் வர்தா சென்னைச் சாலைகளில் செய்ததை எல்லோரும் பார்த்தோம். பாதையை மறித்துக் கிடக்கும் மரத்தை உடனே அகற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டடியாக அறுப்பதைவிட ஏழடியாக அறுப்பதற்கு வேலையும் நேரமும் குறைவுதான். தூக்குவதற்கு இயந்திரம் எப்படியும் வந்து நிற்கிறது.

ஒரு முறை மரம் வெட்டும் இடத்துக்கே போய், எனக்கு ஒரே ஒரு கட்டையை நீளமாக விட்டுத் தாருங்கள், விறகு விலையைப்போல் இரு மடங்கு கொடுக்கிறேன் என்று கேட்டேன். மொத்தமாக ஏலம் எடுத்தாயிற்று, தனித்துண்டாகக் கொடுக்க எங்களுக்கு உத்தரவில்லை என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஏல நிபந்தனை அப்படி எழுதப்பட்டிருக்கிறது. நிபந்தனையை மாற்றி எழுதலாம்.

அடிமரமும் பெருங்கிளைகளும் கூடியவரை ஏழடிக்குக் குறையாமல் அறுக்கப்பட வேண்டும், அது முடியாத இடத்தில் மிகக் குறைந்தது மூன்றடியாவது இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அறுத்த அன்றே வெட்டுமுகத்தில் மெழுகோ மீந்த பெயின்டோ பூசிவிட்டால் வெடிப்பு ஓடாது. நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ சொந்தமான ஏதாவது ஒரு காலியிடத்தில் நிழலில் அடுக்கி, கன அடிக் கணக்கில் ஒவ்வொரு கட்டையாக விற்றால், விறகு டன் கணக்கில் தருவதைவிட அரசுக்கும் கூடுதலாகவே வரும். வாங்குபவருக்கு அந்த இடத்திலேயே ரசீது கொடுத்துவிட்டால், வழியில் யார் மறித்துக் கேட்டாலும் காட்டலாம். வீணை செய்பவர், மிருதங்கத்துக்குக் கட்டை கடைபவர், பொம்மை செதுக்குபவர், என்னைப் போலக் கொட்டகையில் தனியாக வேலை செய்பவர் எல்லோரும் ஒன்றிரண்டு கட்டைதான் வாங்குவார்கள். மொத்த ஏலத்தில் இவர்கள் யாருக்கும் இடமில்லை.

தாங்களும் ஒரு உதவி செய்யலாம். மர ஏல அறிவிப்புகள் தங்கள் நாளிதழில் வருகின்றன. அவற்றில் “பல்வகை மரங்கள்” என்றுதான் இருக்கிறது. மரத்தின் பெயர், அடிமரச் சுற்றளவு, கட்டையின் நீளம் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டால்தான் எங்களைப் போன்றவர்கள் எது எங்கே கிடைக்கும் என்று தெரிந்து நேரத்துக்குப் போய் நிற்க முடியும். அறிவிப்பு கொடுக்கும் துறைகளிடம் இந்த மூன்றையும் கேட்டு வாங்கி வெளியிடுமாறு தங்களை அன்போடு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேட்டர்ன் தச்சர்,
பீளமேடு, கோவை.