கயலுக்கு, உங்கம்மாவோட ஜீரோ டிக்கெட் பத்தி

ஏய் கயலு,

போனும் இல்ல லெட்டரும் இல்லன்னு நீ கோவமா இருக்கன்னு மீனா சொன்னா. இத முழுசா படிச்சிட்டு அப்புறம் கோவப்படு. இங்க எல்லாரும் சௌக்கியம், தம்பி கல்யாணம் தை மாசம், நீ வரலன்னா ஹாஸ்டல் பரோட்டா கேஸ திரும்ப ஓப்பன் பண்ணுவேன், ஞாபகம் வச்சுக்க.

விஷயம் என்னன்னா, மேட்சிம்னு சொன்னேன்ல, ஒரு ஊர் ட்ராஃபிக்க கம்ப்யூட்டருக்குள்ள ஓட்டிப் பாக்குறதுக்கு பெர்லின்லயும் ஜூரிச்லயும் யுனிவர்சிட்டி ஆளுங்க வளத்த சாஃப்ட்வேர், அதுலதான் இப்ப முழு நேரமும் கிடக்கேன். பழைய மாடல்ல ஊர ஏரியா ஏரியாவா பிரிச்சு இங்கருந்து அங்க இத்தன பேர்னு மொத்தமா கணக்கு போடுவாங்க. இதுல ஒவ்வொரு ஆளும் தனி ஏஜென்ட், அதாவது கம்ப்யூட்டருக்குள்ள தானா முடிவெடுக்குற ஒரு ஆளு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாள் பிளான், வீடு, வேலை, மார்க்கெட், திரும்ப வீடு. எல்லாரையும் ஒரே ரோட்டுல விட்டு ஓட்டுனா, வேலைல இருந்த நேரத்துக்கு மார்க் ஏறும், ட்ராஃபிக்ல மாட்டுனா இறங்கும், அடுத்த ரவுண்டுக்கு முன்னாடி கொஞ்ச பேரு ரூட்டயோ நேரத்தையோ மாத்துவாங்க, இல்ல பைக்க விட்டுட்டு பஸ் ஏறுவாங்க. இப்படியே நூத்துக்கணக்கான ரவுண்டு. பாக்கவே அவ்ளோ அழகா இருக்கும்டி!

ஸ்டாக்ஹோம்ல 2006 ஜனவரியிலருந்து ஜூலை வரைக்கும் சிட்டிக்குள்ள வந்து போற காருக்கு காசு வாங்கிப் பாத்தாங்கல்ல, எல்லைய தாண்டுற வண்டி 20 சதவீதம் கிட்ட குறைஞ்சுது, 2007ல நிரந்தரமாவே ஆக்கிட்டாங்க. இந்த மாதிரி கேள்விக்கு என் ஏஜென்ட்டுங்க நல்லாவே பதில் சொல்லும். ஏன்னா கார்க்காரன் ஏற்கனவே கெளம்புற ஆளு, எப்ப எப்படிங்கிறததான் மாத்தணும்.

நம்மூருக்கு வா. 2021 மே மாசம் சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு கிடையாதுன்னாங்க. நானும் கட்டணத்த 0ன்னு போட்டு ஓட்டுனேன், ஷேர் ஆட்டோல போனவங்க பஸ்ஸுக்கு வந்தாங்க, சரி. ஆனா இதுல உங்கம்மா எங்கடி? முன்னாடி தீபாவளி பொங்கலுக்கு மட்டும் தங்கச்சி வீட்டுக்குப் போனவங்க இப்ப வெள்ளிக்கிழம மீனாட்சி கோயில், அண்ணா நகர் உழவர் சந்தை, நெனச்சா திருமங்கலம்னு சுத்துறாங்கன்னு நீதான சொன்ன? ஏஜென்ட்டோட பிளான் வீடு வீடா கேட்டு எடுத்த சர்வேலருந்துதான் வருது, சர்வே எடுத்த அன்னிக்கு வீட்டுல இருந்தவங்களுக்கு வெளிய போற பிளானே கிடையாது, சாதாரண செட்டிங்ல புதுசா ஒரு எடத்துக்குப் போகணும்னு ஏஜென்ட்டுக்கு தோணவே தோணாது, அதனால எத்தன ரவுண்டு ஓட்டுனாலும் அவங்க வீட்டுலயேதான் இருப்பாங்க.

இதுதான்டி என்னை தூங்க விடல. அந்த ரிசல்ட்ட அப்படியே குடுத்தா திட்டத்தோட பலன் கொஞ்சூண்டுன்னு காட்டும், நாளைக்கு ஒரு மீட்டிங்ல யாராச்சும் அந்த நம்பர தூக்கிக் காட்டி இதுக்கா இவ்ளோ செலவுன்னு கேப்பாங்க. ஒரு பொம்பள வாரா வாரம் தங்கச்சிய பாக்குறதுக்கு எத்தன மார்க் போடுறது சொல்லு! எங்க போகணுங்கிறதையே ஏஜென்ட்டுக்கு உண்டாக்கித் தர்ற மாடலும் இருக்கு, ஆனா அதுக்கும் டேட்டா வேணும், வீட்டுக்கு வந்து கேக்குறவங்க ஆம்பளைய கேட்டு எழுதிட்டுப் போனா அதுல வீட்டுப் பொம்பள ரேஷன் கடைக்கு நடந்து போனதுகூட இருக்காது.

அதனால ஒரு உதவி. நான் மதுரை வரேன், அம்மாவோட பஸ் ஸ்டாப் கோஷ்டிய ஒரு மத்தியானம் உக்கார வை. இப்ப எங்கெல்லாம் போறீங்க, 2021க்கு முன்னாடி எதுக்கு போகாம இருந்தீங்க, காசா, பயமா, வீட்டுல விடலயா, எல்லாத்தையும் கேக்கணும். உங்கப்பாவ மட்டும் அந்த நேரம் வெளிய அனுப்பிடு, அவரு இருந்தா எல்லா பதிலையும் அவரே சொல்லிடுவாரு. எந்த ஞாயித்துக்கிழமன்னு சீக்கிரம் சொல்லு, ட்ரெயின் டிக்கெட் போடணும்.

உன்
செல்வி