ஹேவ்லாக் போகிறவர்களுக்கு: வெட்சூட் விஷயம்

நண்பர்களே, அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவ் அடிக்க, வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை) 5 மி.மீ. தடிமனில் வாங்கிவிடாதீர்கள். அந்தமானில் கடல் நீர் 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும்; 3 மி.மீ. முழு சூட் தாராளம். முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் ஷார்ட்டியும் போதும்தான், ஆனால் பவளக் கீறல் முழங்காலைத்தான் தேடி வரும்.

அளவுதான் முக்கியம். போட்டதும் குனியுங்கள், கையைத் தூக்குங்கள், மூச்சை நன்றாக இழுங்கள். இடுப்புக்குப் பின்னால் பை மாதிரி உப்பி நின்றால் தண்ணீர் உள்ளே போய்வந்துகொண்டே இருக்கும். இரண்டாவது டைவில் பல் தந்தியடிக்கும். கழுத்து இறுக்கினாலும் வேண்டாம். போன தடவை ‘தளர்ந்துவிடும்’ என்று சமாளித்து, கழுத்தைச் சுற்றிச் சிவந்த வளையத்தோடு ஊர் திரும்பினேன்.

கால் நுழையாவிட்டால் பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளுங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.

அப்புறம், வாடகை சூட் வேண்டுபவர்கள் உயரம், எடை, மார்பளவை வெள்ளிக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். எடையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்!