மாலை வகுப்பும் தாய்மார்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலை, குடும்பம், கைக்குழந்தை, இவற்றோடு சிங்கப்பூரில் பகுதிநேரப் பட்டப்படிப்பும் படிக்கும் பெண்களில் நானும் ஒருத்தி. பாடம் கடினம் என்று சொல்லவில்லை, நேரம்தான் இடிக்கிறது. பாலர் பராமரிப்பு நிலையங்கள் பொதுவாக மாலை 7 மணிக்கு மூடிவிடும். எங்கள் வகுப்புகள் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். அம்மாவோ மாமியாரோ பக்கத்து புளோக்கில் இருந்தால் சரி. தமிழகத்திலிருந்து திருமணமாகி வந்த பெண்களுக்கு அந்தத் துணையும் இல்லை.

2024 மே முதல் 40 வயதான, அதற்கும் மேற்பட்ட சிங்கப்பூரர்களுக்கு பயிற்சிக் கட்டணத்துக்கு அரசாங்கம் பணம் போடும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் பிள்ளை பெற்று வளர்க்கும் முப்பதுகளில்தானே கைக்காசு இறுகுகிறது? அந்தத் தாய்மார்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு (வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்வது போன்றவை) முறையாக விண்ணப்பித்தால் முதலாளி 2 மாதத்துக்குள் பதில் தரவேண்டும் என்ற வழிகாட்டி 2024 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. படிக்கும் தாய்மார்கள் தயங்காமல் கேளுங்கள். வகுப்பு முடியும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வளாகத்திலேயே ஓர் அறையும் ஆளும் ஏற்பாடு செய்யப் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும்.

ஒரு வாசகி,
ஈசூன்