அம்மா உட்கார்ந்த வளவு

அன்புள்ள மைதிலி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். பேத்திக்குக் காய்ச்சல், அப்புறம் அப்பாவுக்குக் கண் பரிசோதனை என்று தள்ளிப்போய்விட்டது. இப்போது எல்லோரும் நலம். பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அப்பாவுக்கு 81 முடிந்துவிட்டது. இன்னும் காலை ஐந்து மணிக்கு அவரே பால் காய்ச்சிக் காபி போட்டுக்கொள்கிறார்.

டிசம்பரில் உன் மாமனார் மாமியார், உன் அம்மா, நாத்தனார் குடும்பம், பிள்ளைகள் என்று 11 பேராகச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்து நாலு நாள் ஒன்றாகத் தங்கப் போகிறீர்கள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மூணாறா, ஆலப்புழை படகு வீடா, மகாபலிபுரம் பக்கம் கடற்கரை ரிசார்ட்டா என்று கேட்டிருக்கிறாய். அதைச் சொல்வதற்கு முன் எங்கள் கதையைக் கேள். ஒரு தடவை தப்பான இடத்துக்கும் ஒரு தடவை சரியான இடத்துக்கும் வீட்டோடு போய் வந்தவள் நான்.

தப்பு நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், கொடைக்கானலில். படங்களைப் பார்த்தே மயங்கிவிட்டோம். ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு, வாசலில் பூச்செடி. நான் விவரமாகத்தான் போனில் கேட்டேன்: “அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது, கீழ்த்தளம்தானே?” “கிரவுண்ட் ஃப்ளோர்தான் மேடம்” என்றார்கள். போய்ப் பார்த்தால் அந்தக் காட்டேஜே மலைச்சரிவில் கீழே இருந்தது. கார் நிற்கும் இடத்திலிருந்து 43 படி. சாப்பாட்டுக் கூடமோ மேலே. முதல் நாள் அம்மாவைத் தம்பியும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். அதோடு சரி. மூன்று நாளும் அம்மா அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை. இட்லியைத் தட்டில் மூடிக் கீழே எடுத்துக்கொண்டு போவேன். அந்தக் குளிரில் அம்மா வாயில் வைப்பதற்குள் ஆறிவிடும். “நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் டிவி பாத்துட்டு இருக்கேன்” என்பாள். 7,000 அடி உயரம் அப்பாவுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரியெல்லாம் இளைப்பு, இன்ஹேலரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசங்கள் ஏரியில் படகு விட்டார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். திரும்பி வரும்போது, “நல்லா இருந்ததா அம்மா?” என்று கேட்டேன். “உங்களுக்கெல்லாம் சந்தோஷம்னா எனக்கும் சந்தோஷந்தான்” என்றாள். மைதிலி, அந்தப் பதில் இன்னும் என் நெஞ்சில் உறுத்துகிறது.

அதனால் போன ஜனவரியில் பொங்கல் முடிந்து எல்லோரும் போகலாம் என்று தம்பி பேச்சை எடுத்தபோது, நான் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். முதலில் அம்மா எங்கே உட்காருவாள் என்று முடிவு செய்வோம், ஊரை அப்புறம் பார்க்கலாம் என்றேன். இந்த இரண்டு முழங்கால்களை வைத்துக்கொண்டு எல்லோர் நடுவிலும் நாள் பூராவும் அவள் இருக்கக்கூடிய இடம் வேண்டும். தம்பி மனைவிதான் காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டைச் சொன்னாள். பழைய வீட்டை அப்படியே விடுதியாக்கி இருக்கிறார்கள். அந்தப் பக்கம் இப்படிப் பல வீடுகள் இருக்கின்றன. சில பெரிய ஹோட்டல்காரர்கள் நடத்துவது, சில வீட்டுக்காரர்களே நடத்துவது.

நீ தைப்பூசத்துக்குப் போவாயே, உங்கள் சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில், 1859இல் அதைக் கட்டிய நகரத்தார்களின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்தான் இது. பர்மா, மலாயா, இலங்கை என்று போய்ச் சம்பாதித்ததையெல்லாம் கொண்டுவந்து இங்கே வீடாகக் கட்டினார்கள். பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடித் தரை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். வாசலில் நின்றால் கொல்லைக் கதவு நேராகத் தெரிகிறது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்த வளவுதான். நடுவில் வானம் தெரிகிற முற்றம், சுற்றி வரத் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறையாம். கல்யாணமான பிள்ளையை அதே வீட்டுக்குள் ‘வேறு வைப்பார்கள்’, அதாவது தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஆனால் வாசலும் வளவும் பொது. அங்கே சமைக்கிற அம்மா இதைச் சொன்னபோது தம்பி மனைவி, “நமக்கு வேணுங்கிறதும் இதுதானே அக்கா” என்றாள். நாலு தலைமுறை ஒன்றாகத் தங்க என்ன வேண்டும் என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்ததை நூறு வருஷத்துக்கு முன்பே யாரோ யோசித்துக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த வீடுகளிலும் படி உண்டு. அதை உன்னிடம் மறைக்கக் கூடாது. தெருவிலிருந்து உயரமாகத் தூக்கிக் கட்டியிருப்பார்கள், நிலைப்படியும் உயரம். முற்றம் தாழ்வாரத்தைவிடப் பள்ளம். தவழ்கிற குழந்தைக்கு அது ஆபத்து. கொடைக்கானலில் பட்டதால் இந்தத் தடவை நான் படம் கேட்கவில்லை. கார் கதவு திறக்கிற இடத்திலிருந்து கட்டில் வரைக்கும், கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் நடந்துகொண்டே நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள். வாசலில் ஐந்து படி, பக்கத்துச் சந்தில் இரண்டே படி. சந்து வழியாக வருகிறோம் என்றதும் இரண்டு நிலைப்படிகளுக்கும் சாய்வுப் பலகை போட்டு வைத்தார்கள். அம்மா வாக்கரோடு தானாக நடந்து உள்ளே போனாள். யாரும் பிடிக்கவில்லை.

நீயும் அந்த வீடியோவைக் கேள். எந்த ஊராக இருந்தாலும் சரி. அதில் குளியலறையை நன்றாகப் பார். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது என்பார்கள், ஆனால் எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி இருக்காது. உட்கார்ந்து குளிக்க ஒரு நாற்காலி, வழுக்காத மிதியடி இரண்டையும் முன்கூட்டிச் சொல்லி வை. வெந்நீர் எந்த நேரத்தில் வரும் என்று கேள். சூரிய ஹீட்டர் மட்டும் இருந்தால் மேகமூட்டமான காலையில் பச்சைத் தண்ணீர்தான். கட்டில் உயரத்தையும் கேட்டுக்கொள். எங்களுக்குக் கொடுத்தது பழைய தேக்குக் கட்டில், அப்பாவே ஏறச் சிரமப்பட்டு, அப்புறம் முக்காலி போட்டார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்கிறேன், இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதைத் தாண்டினால் 18. ஆகவே 14,000 ரூபாய்க்கு ஒரு பெரிய சூட் எடுத்தால் வரியோடு 16,520. தலா 7,000 ரூபாயில் இரண்டு அறை எடுத்தால் வரியோடு 14,700. பெரியவர்களுக்கும் தனி அறை, தனிக் கழிப்பறை கிடைத்துவிடும். எங்களுக்குள் அறைக் கணக்கில் பிரித்துக்கொண்டோம். அப்பா அம்மா அறையைத் தம்பியும் நானும் பாதிப் பாதி. கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்ததால் அங்கே ஒருவர் முகம் கூடக் கோணவில்லை. உன் நாத்தனாரிடம் நீயே இப்போதே பேசிவிடு.

அங்கே நாட்கள் எப்படிப் போயின தெரியுமா? காலையில் அவரவர் இஷ்டம். பசங்கள் எட்டு மணி வரைக்கும் தூங்கினார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நாங்கள் சிலர் பிள்ளையார்பட்டி போனோம், ஒரு நாள் ஆத்தங்குடி. கண்ணாடி மேல் நிறத்தை ஊற்றிக் கையாலேயே டைல் செய்கிறார்கள். என் தம்பி மகன் 17 வயசு, போனைவிட்டுக் கண்ணை எடுக்காதவன், ஒரு மணி நேரம் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். திருமயத்தில் இளசுகள் கோட்டை ஏற, அப்பா அடிவாரத்துப் பெருமாள் கோயிலில் இருந்துகொண்டார். எந்த இடமும் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லை, எல்லாம் சமதரை. கொண்டைஊசி வளைவு இல்லாததால் வாந்தி மாத்திரையும் இல்லை.

அம்மா எங்கும் வரவில்லை. கொடைக்கானலிலும் வரவில்லைதான். ஆனால் இங்கே வளவில் ஒரு தூணோரம் சாய்வு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் எல்லா அறைக் கதவும் தெரியும். யார் எழுந்தார்கள், யார் குளிக்கவில்லை, குழந்தை ஏன் அழுகிறது, எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். சமையல்கார அம்மா கருப்பட்டிப் பணியாரத்துக்கு மாவு ஆட்டும்போது வந்து பக்குவம் பேசிக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் இரண்டு பேரும் கந்தரப்பம் சுட்டார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தேங்காய் துருவினாள். மத்தியானம் குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டு என் மகள் மூன்று மணி நேரம் தூங்கினாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. ராத்திரி சாப்பிட்டதும் எல்லோரும் அந்தத் தரையில் படுத்துக்கொண்டோம். அப்பா தன் சின்ன வயசில் திருச்சிக்கு மாட்டுவண்டியில் போன கதையைச் சொன்னார். எனக்கே அது புதுசு.

கிளம்புகிற அன்றைக்கு நான் கேட்கவே இல்லை. அம்மாவே சொன்னாள், “இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கலாம்” என்று.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மாமா ஸ்ட்ரோக்குக்குப் பிறகு கோல் ஊன்றி நடக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் படகு வீடு வேண்டாம். கரையிலிருந்து பலகை மேல் கால் வைத்து ஏற வேண்டும், குளியலறை குறுகல். சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் படகைக் கட்டிவிடுவார்கள், அதற்கப்புறம் ராத்திரி முழுக்க நிற்கிற படகுதான். ஆசைக்குப் பகலில் மூன்று மணி நேரம் போய் வரலாம், தங்க வேண்டாம். மூணாறு கண்ணுக்கு அழகு. ஆனால் கொச்சியிலிருந்தே நாலு மணி நேரத்துக்கு மேல், பாதி மலைப்பாதை. தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் தங்கினால் ராத்திரி ஒரு அவசரம் என்றால் ஆஸ்பத்திரிக்கு இறங்கி வர எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துப் பார். எனக்குத் தைரியம் வராது.

மகாபலிபுரம் நல்ல யோசனைதான். சமதரை, சென்னை ஆஸ்பத்திரிகள் பக்கம், அர்ச்சுனன் தபசு தெருவோரத்திலேயே இருப்பதால் மாமாவும் பார்க்கலாம். ஆனால் ரிசார்ட் என்றால் தோட்டம் நெடுகத் தனித்தனிக் காட்டேஜ். கடல் பார்த்த அறை ஒரு கோடி, சாப்பாட்டுக் கூடம் இன்னொரு கோடி. அதைக் கேட்காமல் பணம் கட்டாதே. அந்தக் கடலில் அலை வேகம், பசங்களை இறக்கவே கூடாது. டிசம்பர் முதல் பாதி புயல் காலம் வேறு. 2023இல் மிக்ஜாம் வந்து சென்னை மூழ்கியது டிசம்பர் முதல் வாரத்தில்தான். உங்கள் ஊரில் பள்ளி விடுமுறை டிசம்பர் கடைசி வரை இருக்குமே, 15ஆம் தேதிக்கு மேல் வைத்துக்கொள். கிறிஸ்துமஸ் வாரத்தைத் தொடாதே, வாடகை ஏறிவிடும்.

என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நீ காரைக்குடிப் பக்கமே வா. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வீடு. மாமியாருக்கு விரதம், மாமாவுக்கு உப்பில்லாத சமையல், உன் சின்னவனுக்குக் காரமில்லாமல் என்று மூன்று விதமாகச் சொன்னாலும் செய்து கொடுப்பார்கள், முதல் நாளே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். நாலு நாளும் ஒரே இடத்தில் இருங்கள். இரண்டு நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே என்று பெட்டி கட்டினால் அதிலேயே பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். மாமா சக்கர நாற்காலியில்தான் வருவார் என்று ஆகிவிட்டால் மட்டும் சொல், அப்போது மகாபலிபுரத்தில் தரைத்தளமாக நானே போய்ப் பார்த்து வருகிறேன்.

தேதியை எழுது. மாமாவின் கட்டில் எத்தனை அங்குலம் என்று வீட்டிலேயே அளந்து அனுப்பு, அதே உயரத்துக்குக் கேட்டு வைக்கிறேன். நீங்கள் வரும் நாட்களில் ஒரு நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன். ஹாஸ்டலில் நம் இரண்டு பேருக்கும் சேர்த்து முறுக்கு சுட்டு அனுப்பினவளாயிற்றே, உன்னைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்கிறாள். அவளுக்கு ஒரு கோடாலித் தைலம் மட்டும் வாங்கி வா, வேறு எதுவும் வேண்டாமாம்.

அன்புடன்,
லலிதா