அரை வரியில் போன வறட்சி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் நடனக் கலைஞர் சந்திரலேகா பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். யோகம், கேரளத்துப் போர்க்கலையான களரிப்பயிற்று, 1985-இல் வந்த 'அங்கிகா', 2001-இல் வந்த 'சரீரா' என்ற அவருடைய நடனப் படைப்புகள் எல்லாம் விரிவாகவே இருந்தன. கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கமும் ஒரு சித்தூர் உண்டு. அந்தச் சித்தூர்க்காரர்கள் களரி பற்றிய பத்தியைப் படித்துவிட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டிருப்பார்கள். நான் ஆந்திரச் சித்தூர்க்காரன். எங்களுக்குரிய பத்தி அரை வரியில் போய்விட்டது.

1952-இல் அவருடைய அரங்கேற்றம் 'ஒரு வறட்சி நிவாரண நிதிக்காக' நடந்தது என்று எழுதிவிட்டுக் கட்டுரையாளர் நகர்ந்துவிட்டார். அது ராயலசீமா வறட்சி. சித்தூர், கடப்பா, அனந்தப்பூர், கர்நூல் எல்லாம் அப்போது சென்னையோடுதான் இருந்தன. ஆந்திரா பிரிந்தது 1953-இல். கஞ்சித் தொட்டிக்கு வரிசையில் நின்ற கதையை என் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் தமிழ்தான் பேசுவோம். ஆனால் பஞ்சம் என்ற சொல் மட்டும் பாட்டி வாயில் வராது, 'கருவு' என்று தெலுங்கில்தான் சொல்வார்.

அன்றைக்கு மேடையில் சந்திரலேகா ஆடியது 'மதுரா நகரிலோ' என்ற தெலுங்குப் பாட்டு. யமுனையில் தண்ணீர் கரைபுரள்வதை அபிநயம் பிடிக்கும்போதே, புகைப்படங்களில் பார்த்த வெடித்த நிலமும், கையில் தகர டப்பாவோடு தண்ணீருக்கு நீண்ட வரிசையில் நின்ற ஜனங்களும் நினைவுக்கு வந்து உறைந்துபோனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எங்கள் பாட்டி நின்ற வரிசை மாதிரி ஒன்று, சென்னை மேடையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கண்முன்னால் வந்து நின்றிருக்கிறது!

அவர் வெளிநாட்டு நடனத்தைப் பார்த்து மாறியவர் என்கிற தொனி கட்டுரை முழுக்க ஓடுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. பரதநாட்டிய ஆசான் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் கற்ற அரைமண்டியை, அதாவது முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்து ஆடும் நிலையை, அவர் கடைசிவரை விடவில்லையே. கண்ணனுக்காக ஏங்கும் நாயகியைத்தான் மேடையிலிருந்து இறக்கிவிட்டார். அந்த மாற்றத்துக்கு வித்து 1952-இல் விழுந்தது, வெளிநாட்டில் இல்லை.

அப்புறம், சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. போன வருடம் என் பேத்திக்கு அரங்கேற்றம். அன்று காலை டேங்கர் லாரி வரவில்லை. வீட்டில் ஆளுக்கு அரை வாளித் தண்ணீரில் குளித்துவிட்டுக் கிளம்பினோம். அவளும் யமுனைக் கரையில் குடம் நிரப்புகிற பாட்டு ஒன்று ஆடினாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. வீடியோக்காரர் நன்றாக எடுக்கிறாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, இந்தக் கட்டுரை என்றைக்காவது புத்தகமாக வந்தால், 'ஒரு வறட்சி' என்ற இடத்தில் 'ராயலசீமா வறட்சி' என்று திருத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
சித்தூர், ஆந்திரா.