புட்டியில் தண்ணீரைக் கூட்டாதீர்கள், உதவிக் கூடையில் கிரீமர் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதே பால்மாவு டின்னில் அடி தெரிந்துவிடுகிறது. நான்கு கரண்டி போட வேண்டிய புட்டியில் இரண்டுதான் விழுகிறது. புட்டி நிறைந்திருக்கிறது, பால் வெள்ளையாகவும் இருக்கிறது, பிள்ளையும் குடித்துவிட்டுத் தூங்குகிறது. ஆனால் அதன் வயிற்றுக்குப் போனது பாதிச் சாப்பாடு.

பல டின்களில் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு கரண்டி என்று அளவு போட்டிருக்கும். மாவைக் குறைத்தால் எடை ஏறாமல் நிற்பதோடு முடியாது. கைக்குழந்தையின் சிறுநீரகத்தால் மிஞ்சிய தண்ணீரைச் சரியாக வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் சோடியம் இறங்கும், பிள்ளை துவண்டுபோகும், வலிப்பும் வரலாம். தண்ணீரைக் குறைத்து மாவைக் கூட்டுவதும் கெடுதல்தான், அதில் உடம்பு வறண்டு மலம் கட்டும். மலிவு விலையில் வேறு டின் வாங்கும்போது பழைய டின்னின் கரண்டியை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு டின்னுக்கும் கரண்டி அளவு வேறு. கொதித்து அரை மணிக்குள் உள்ள சுடுதண்ணீரை முதலில் ஊற்றி, பிறகு மாவைப் போட்டுக் கலக்கி, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். கலக்கி இரண்டு மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிட வேண்டும். மிச்சம் விழாமல் இருக்க, பிள்ளை குடிக்கும் அளவுக்கே கலக்குங்கள்.

டின் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அம்மா வேலைக்குத் திரும்பும்போதுதான். மலேசியாவில் 2023 முதல் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 98 நாள். அது முடிந்தாலும் தாய்ப்பால் முடிந்துவிட வேண்டியதில்லை. பம்ப் வாங்கப் பணமில்லாவிட்டாலும் கையாலேயே பீய்ச்சலாம். சுத்தமான மூடிபோட்ட பாத்திரத்தில் ஐஸ் கட்டி போட்ட பெட்டிக்குள் வைத்தால் ஒரு நாள் தாங்கும். இரவில் அடிக்கடி மார்பில் விட்டால் பால் ஊறும். டின்னை இழுத்துப் பிடிப்பதைவிட இதுதான் உண்மையான சிக்கனம்.

தேத்தண்ணிக்குக் கலக்கும் இனிப்பு கிரீமர் பால் அல்ல. அதில் இருப்பது பெரும்பாலும் சீனியும் செம்பனை எண்ணெயும்தான். கைக்குழந்தைக்கு இனிப்பு டின்பால் ஊட்டுவதைக் கண்டித்து டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் பேசியது 1939இல். இன்னும் அது புட்டியில் இருக்கிறது என்பதுதான் வேதனை.

ஆறு மாதம் ஆனதும் பாலோடு சோறும் தொடங்க வேண்டும். இங்கேதான் பலர் நீர்க்கஞ்சியில் ஏமாந்துபோகிறார்கள். எட்டு கிலோ பிள்ளையின் வயிறு ஒரு தடவைக்குச் சுமார் 240 மில்லிதான் கொள்ளும். அதைத் தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடமேது? கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு மைசூர்ப் பருப்பு, குழைய வேகவைத்து மசித்து ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். ஒரு நாள் நன்றாக வெந்த முட்டை, ஒரு நாள் கோழி ஈரல் சிறு துண்டு, ஒரு நாள் நெத்திலிப் பொடி என்று மாற்றிக் கொடுக்கலாம். நெத்திலியைத் தலை கிள்ளி, தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசி, வறுத்துப் பொடியுங்கள். தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட் வேண்டாம், சோற்றில் உள்ள இரும்புச்சத்தைத் தேயிலை உடம்பில் சரியாகச் சேரவிடாது.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ‘வளரும் பிள்ளைகளுக்கான’ விலையுயர்ந்த டின் அவசியமில்லை. இனிப்புச் சேர்க்காத சாதாரண ஃபுல் கிரீம் பால் போதும். அந்த மிச்சப் பணத்தில் முட்டை வாங்கலாம்.

கிளினிக் புத்தகத்தில் எடைக்கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால், வீட்டில் பால்மாவு பற்றவில்லை என்பதை மிஸ்ஸியிடம் (தாதியிடம்) வெட்கப்படாமல் சொல்லுங்கள். எடை குறைந்த ஏழைப் பிள்ளைகளுக்கு உணவுக்கூடை கொடுக்கும் அரசாங்கத் திட்டம் 1989 முதல் இருக்கிறது. கேட்காத வீட்டின் கஷ்டம் யாருக்கும் தெரியாது.

கோயில் நிர்வாகங்களுக்கும் இளைஞர் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கும் வெள்ளத்துக்கும் நீங்கள் கொடுக்கும் கூடையில் கிரீமரும் மீ நூடுல்ஸும் பிஸ்கட்டும்தான் அதிகம். கிரீமரை எடுத்துவிட்டு அதே பணத்துக்கு முட்டை, பருப்பு, நெத்திலி வையுங்கள். பட்டியல் போடும்போது அந்த வீட்டில் பிள்ளை இருக்கிறதா, அதற்கு எத்தனை மாதம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்